வாய் திறக்கலாகாது

1930களின் நடுப்பகுதியில், துரைமார் மலைக்கு வந்து கூடும் ஓர் ஏப்ரல் பருவத்தில், நுவரெலியா கோல்ப் மைதானத்தில் நடந்தது இது. கண்டியில் கல்லூரிப் படிப்பை முடித்து, மைதானத்துக் கிளப் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது ஆண்டு. ஆங்கிலமும் தமிழும் பிழையற எழுதுபவன் என்று கடைவீதியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் பத்திரமாகவே வைத்திருந்தேன்; இன்றும் வைத்திருக்கிறேன்.

அவ்வாண்டு துரைமாரின் பிள்ளைகளுக்கென ஒரு போட்டி ஏற்பாடாயிற்று. ஆடுபவரின் பின்னால் கோல்கள் அடங்கிய பையைச் சுமந்து செல்பவரைக் ‘கேடி’ என்பார்கள். அருகிலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்களிலிருந்து வந்த அந்த ஆட்களில் பலருக்கு, ஆட்டம் துரைமாரைவிட நன்றாகத் தெரியும். ஆகவே, எந்தக் கோலை எடுப்பது, எப்படி அடிப்பது என்று கேடிகள் ஆலோசனை கூறலாகாது, பிள்ளைகள் தம் அறிவைக் கொண்டே ஆடவேண்டும் என்று கிளப் காரியதரிசி ஆங்கிலத்தில் ஒரு விதி எழுதினார். அதைத் தமிழாக்கி, கேடிகள் கூடும் கொட்டகையில் ஒட்டி, வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு.

‘ஆலோசனை’ என்ற சொல் லயத்து ஆட்களுக்கு எட்டாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ‘ஆட்டம் முடியும்வரை கேடிகள் வாய் திறக்கலாகாது’ என்று எழுதினேன். சுருக்கமாகவும் கம்பீரமாகவும் அமைந்துவிட்டதென்று எனக்குத் திருப்தி. வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “தும்மல் வந்தா என்னங்க செய்றது?”

கொட்டகை முழுதும் சிரித்தது. “அடக்கிக்கொள்” என்றேன்.

அப்படிக் கேட்டவர் நாற்பது வயதைத் தாண்டியவர். கிளப்பில் பதினைந்து ஆண்டு சுமந்தவர். இறுதி ஆட்டத்தில், கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு கம்பெனித் துரையின் மகனுக்கு அவரே கேடி. கடைசிக் குழிவரை இரு பிள்ளைகளும் சமநிலை. மூடுபனியில் இருவரின் பந்துகளும் ஒரே புல்திட்டில் அருகருகே விழுந்தன. துரையின் மகன் எதிராளியின் பந்தை நோக்கிக் கோலை ஓங்கினான். குனிந்து பார்த்த கேடி கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். பிள்ளை அடித்துவிட்டான். பிறர் பந்தை அடித்தால் அந்தக் குழி எதிராளிக்கு. அதோடு கோப்பையும் போயிற்று.

கேடி பார்த்தும் பேசாதிருந்ததை எல்லோரும் கண்டார்கள். எதிர்த்தரப்பு அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டது என்று தகப்பனார் அலுவலகத்தில் வந்து கொதித்தார். அவருக்கும் காரியதரிசிக்கும் தமிழ் தெரியாது. கேடிக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான். தெரிந்தும் ஏன் சும்மா நின்றாய் என்ற கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

“வாய தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானங்க படிச்சுக் காட்டினீங்க. தும்மலையே அடக்கச் சொன்னீங்க. அந்தக் கடுதாசிய தொரைக்குப் படிச்சுச் சொல்லுங்க, ஐயா.”

தாளை வாசிக்கச் சொல்கிறார் என்று மட்டும் பெயர்த்தேன். கொட்டகையிலிருந்து தாள் வந்தது. அதில் உள்ளதை ஆங்கிலத்தில் சொல்லும்படி காரியதரிசி பணித்தார். நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் எழுதிய ஆங்கில விதியை நினைவிலிருந்து அப்படியே ஒப்புவித்தேன். ஓர் எழுத்துப் பிசகவில்லை. பந்து மாறியதைச் சொல்ல விதியில் தடையில்லையே, இந்த ஆளின் பெயரை இன்றே பதிவேட்டிலிருந்து அடித்துவிடும்படி காரியதரிசி கூறி, அதை அவரிடம் சொல்லச் சொன்னார்.

நான் வாசித்த நேரமெல்லாம் கேடி என் முகத்தையே பார்த்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் பேசுமுன் அவரே கேட்டார்: “இப்ப தொரைக்கு வெளங்கிருச்சுங்களா, ஐயா?”

காரியதரிசியின் பக்கம் திரும்பி, நான் வாசித்தது இந்தத் தாளில் உள்ளதன்று என்றேன். பிறகு உள்ளதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். தகப்பனார் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். காரியதரிசி தாளை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். அரசாங்க உத்தியோகத்துக்காக எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த நற்சான்றுக் கடிதத்தைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேடியின் பெயர் பதிவேட்டில் நின்றது.

புதிய தாள் எழுதும்படி எனக்கு உத்தரவாயிற்று. வாசலில் நின்ற கேடியை அழைத்து, “ஆலோசனைன்னு எழுதினா ஆளுங்களுக்கு விளங்குமா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “லயத்துல கல்யாணம்னாலும் சண்டைன்னாலும் ஆலோசனைக்குத்தானுங்க கூடுறோம். பேரே கேடின்னு ஆயிருச்சு, ஊமைன்னும் ஆக்கிட்டீங்களே.”

‘ஆலோசனை கூறலாகாது, பந்து மாறினால் சொல்லவேண்டும்’ என்று எழுதினேன். பின்பாதி அவர் சொன்னது.

அதன்பின் எத்தனையோ அதிகாரிகளின் மேசைக்கருகே நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சொல்லையும் கூட்டியதில்லை, குறைத்ததில்லை என்று துணிந்து சொல்வேன். அந்தத் துல்லியத்தைக் கல்லூரி எனக்குக் கற்பித்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். தமக்கு விளங்காத மொழியில் நான் பொய்யை வாசிக்க, என் முகத்தை நம்பித் தலையாட்டிக்கொண்டு நின்றவரிடம் கற்றது அது.