அக்கா ஒட்டிய சிவப்பு அம்புகள்

போன சனிக்கிழமை பெங்களூரில் ஷூ வாங்கப் போனேன். பெட்டியைத் திறந்ததும் தோலும் பசையும் கலந்த அந்த வாசனை வந்தது. வழக்கம்போல மூக்கை உள்ளே விட்டேன். தோல் கம்பெனிகள் நிறைந்த ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்கள் ஷூவைக் காலில் போடுவதற்கு முன் முகர்ந்துதான் பார்ப்போம், கண்டுகொள்ளாதீர்கள். இடது ஷூவின் குதிகால் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. கடைக்காரர் அவசரமாக உரித்துப் போட்டார். "விலை ஸ்டிக்கர் மேடம்."

விலையும் இல்லை, ஒன்றும் இல்லை. தையல் தப்பிய இடம், தோலில் கீறல் விழுந்த இடம் எதுவென்று காட்ட, ஷூ கம்பெனியில் செக்கிங் மேசைக்காரர்கள் ஒட்டுவது அது. குறையைச் சரிசெய்தபின் உரித்துவிட வேண்டும். யாரோ மறந்திருக்கிறார்கள். என் அக்கா என்றால் மறந்திருக்க மாட்டாள்.

அக்கா நெமிலிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் கம்பெனி வேனில் ராணிப்பேட்டைக்குப் போய் வந்தாள். எட்டு வருஷம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் மிஷினில் இருந்தாள். பிறகு ஒருநாள் மேனேஜர் அவளைச் செக்கிங் மேசைக்கு வரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. லைன் ஓட ஆரம்பிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் மேசையில் இருக்க வேண்டும். வேனோ லைன் ஓடும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். ஏற்கெனவே ஒருமுறை ஸ்கூட்டியில் போய், லாரி ஒதுக்கியதில் விழுந்து கையை உடைத்துக்கொண்டவள் என்பதால், இருசக்கர வண்டிப் பேச்சையே அப்பா எடுக்கவிடவில்லை. மேனேஜர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் வழி பண்ணிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பழைய மிஷின்தான்.

அப்படித்தான் அந்தக் கார் வந்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வேப்பமரத்தடியில் போட்டு வைத்திருந்த சின்னக் கார், கம்மி விலை. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகம் சொன்னது. நாங்கள் புத்தகத்தை நம்பினோம். நான் அப்போது காட்பாடியில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். உலகத்தில் எனக்குத் தெரியாத இஞ்சின் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். "நான் பாத்துக்கறேன்க்கா, நீ லைசன்ஸ் மட்டும் எடு" என்றேன். எடுத்துவிட்டாள், முதல் தடவையிலேயே.

பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டருக்குள் எலி ஒன்று வேர்க்கடலைத் தோலால் வீடு கட்டியிருந்தது. வயரில் பாதியை அது தின்றிருந்தது. என்னால் ஆகாததை ஆற்காட்டில் ரஃபி பாய் ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன். பாய் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காலேஜ்ல இன்னாமா சொல்லித் தர்றாங்க? ஸ்பேனர உல்டாவா புடிச்சிக்கினு கீற." அவர் இஞ்சினைப் பார்த்து அனுப்பினார், மீதியெல்லாம் வீட்டில் நான். மூன்று வாரம் லீவு நாளெல்லாம் காருக்கு அடியில்தான் கிடந்தேன். அம்மா அங்கேயே தட்டை நீட்டுவாள்.

தவணை திங்கட்கிழமையோடு முடிந்தது. அதற்கு முந்தின நாள் காரைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து வாசலில் நிறுத்தினேன். அக்கா வெளியே வந்தாள். கையில் செக்கிங் மேசையில் கேட்டு வாங்கி வந்த அம்பு ஸ்டிக்கர் சுருள்.

ஷூவைப் பார்ப்பது போலவே காரைப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிராகக் குனிந்தாள், கட்டைவிரலால் அமுக்கினாள். கதவு ரப்பரில் ஓர் அம்பு, வைப்பரில் ஒன்று, ஆடும் கண்ணாடியில் ஒன்று. காருக்கு அம்மை போட்டது போல ஆகிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது ஷூ இல்ல, காரு."

"ஷூவுக்கே இவ்ளோ பாக்கறோம். இதுல நான் ஒக்காந்து போவணும்டி."

பிறகு ஏரிக்கரை வரை ஓட்டிப்போனாள். திரும்பி வந்து இறங்காமல் குனிந்து, பிரேக் பெடலில் ஓர் அம்பு ஒட்டினாள். "புடிச்சா எடதுபக்கம் இழுக்குது."

வியாழக்கிழமையே எனக்கு அது தெரியும். வலது முன்சக்கரத்து பிரேக் துருப்பிடித்துச் சிக்கியிருந்தது, இடது மட்டும் பிடித்தது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரித்தால் திங்கட்கிழமை தவறிவிடுமே.

"தெரியுமா?" என்றாள். தலையாட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள். "சார், வண்டி பாஸ் ஆவல. செவ்வாக்கெழம வர்றேன்."

கதையில் என்றால் மேனேஜர் மெச்சிப் பேசியிருப்பார். இவர் பேசவில்லை. திங்கட்கிழமையே அந்த மேசையில் வேறொருத்தி உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் ரஃபி பாய் வேலூரிலிருந்து பார்ட்ஸ் வாங்கி வந்து மாட்டினார். செவ்வாய்க்கிழமை அக்கா தானே ஓட்டிக்கொண்டு அரைமணி முன்னால் போய், தன் பழைய மிஷினில் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் அப்படியே. இரண்டு மாதம் அப்படிப் போனபின் அவளுக்கென்று இன்னொரு மேசை போட்டார்கள். ஏன் ஒருநாள் தள்ளிப்போனது என்று அப்பா கேட்டதற்கு, "பார்ட்ஸ் கெடைக்கலப்பா" என்று மட்டும் சொன்னாள். இன்றுவரை அவ்வளவுதான்.

பிறகு நான் பெங்களூருக்கு வேலைக்கு வந்துவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறையாவது போன் வரும். எடுத்ததும் நலமெல்லாம் விசாரிக்க மாட்டாள். "டக்கு டக்குன்னு இல்லடி, டக்கட... டக்கட... வளைக்கும்போது மட்டும்" என்று வாயாலேயே காரை ஓட்டிக் காட்டுவாள். மீட்டிங்கிலிருந்து எழுந்து வராந்தாவுக்குப் போய் நானும் பதிலுக்கு டக்கட டக்கட என்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாலு வருஷம் அப்படிப் போயிற்று.

போன தை மாதம் அக்கா புதுக்கார் எடுத்தாள். பழையது காயலான் கடைக்குப் போனது. புதுசில் ஏதாவது கோளாறு என்றால் திரையில் எழுத்தாக வருகிறது, கம்பெனி ஆட்களே வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துப்போகிறார்கள். நேற்று நானாகவே கூப்பிட்டேன்.

"வண்டியில ஏதாவது சத்தம் வருதாக்கா?"

"ஒண்ணும் வர்லடி," என்றாள். பிறகு, என்றுமில்லாமல், "நீ எப்படிடி இருக்க?" என்று நலம் விசாரித்தாள்.