முதலில் வாய் வைத்த பாத்திரம்

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் ஞானஸ்நானம் பெற்றோம். காரைக்குடிக்கு ரயில் வராத காலம் அது. எங்கள் ஊர் நாச்சியாபுரத்துக்குப் பக்கம், வயல்வேலைக்குப் போகிற குடும்பம். குன்றக்குடியில் திருவிழா என்றால் மலையடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். எங்கள் சாதிக்குப் படியேற அனுமதி கிடையாது. அப்படிப்பட்டவளிடம், ஆண்டவரின் பந்தியிலேயே நீ கை நீட்டலாம் என்று போதகர் சொன்னால் எப்படி இருக்கும்? இராப்போஜனம் என்கிற அந்தப் பந்திக்கு முதல்முதலாகப் போவதற்கு முந்தின நாள் எனக்குச் சோறே இறங்கவில்லை.

காரைக்குடியில் நாங்கள் போன வேதக்கோயில் சின்னது. முன்னால் பெஞ்சு, பின்னால் பாய். பெஞ்சில் எங்களுக்கு முன்பே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த, நிலபுலன் உள்ள குடும்பங்கள். பாயில் நாங்கள். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமும் இல்லை.

போதகர் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வைத்து ஜெபித்துவிட்டு, "எல்லாரும் வாருங்கள்" என்றார். எல்லாரும் என்றால் எல்லாரும்தானே? விறுவிறுவென்று போய் முதல் ஆளாய் முழங்காலிட்டேன். அப்பம் கொடுத்தார். பாத்திரத்தில் ஒரு மிடறு குடித்தேன். பக்கத்தில் அடுத்த ஆள் வந்து முழங்காலிடட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. பாயில் இருந்தவர்கள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பாதி எழுந்தபடி தவித்தார். சபைக்கெல்லாம் ஒரே பாத்திரம். அதில் என் வாய் பட்டுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதெல்லாம் சுட்டது.

போதகர் இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தார். மீந்த ரசத்தைக் கீழே ஊற்றக் கூடாது என்பது முறை. அத்தனையையும் தாமே குடித்தார். வயதானவர், நடுவில் புரையேறியது. என்னால் அல்லவா இந்த மனிதருக்கு இந்தப் பாடு என்று கூனிக் குறுகிப் போனேன். வராமல் உட்கார்ந்திருந்தவர்களால் என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

வாசலில், முதல் பெஞ்சு அம்மாள் என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

"ஒனக்குத் தெரியாதுல்ல, பாவம். நாங்க எல்லாரும் குடிச்ச பெறகு வந்திருக்கலாம்ல தாயி."

"தெரியாமப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சுக்கங்க" என்றேன். அன்று காலை ஆண்டவரிடம்கூட நான் அவ்வளவு பணிவாக மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் யாரும் மறுபடி சொல்லாமலே, எல்லாரும் போய் வந்த பிறகு எழுந்தேன். போதகர் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வெட்கம் போலிருக்கிறது.

பாய்க்குத் திரும்பும்போது அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ரசம் நாக்கில் பட்டபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. எத்தனையோ பாவத்தை ஜெபத்தில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை மட்டும் இன்றுவரை ஆண்டவரிடம் சொல்ல நா எழவில்லை.