தட்டும் கண்ணாடி

ஆனி மாதம் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன், ஜன்னல் கம்பிகளில் மூடுபனி கோத்து நின்று துளித் துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. காபி போட்டேன், மிளகுக் கொடிகளைப் பார்த்துவந்தேன், ஏழே காலுக்குத் தங்கை வள்ளியைத் தோளில் தொட்டு எழுப்பினேன். பத்து மணி பஸ்ஸில், அடிவாரத்துக் கடைக்கார பாய் கொடுத்தனுப்பிய மாதிரித் துண்டுகள் இரண்டு வந்தன: உள்ளங்கை அளவில் ஒன்று கண்ணாடி, ஒன்று அக்ரிலிக். கணவர் இறந்தபின் என்னோடு வந்துவிட்ட வள்ளி இதுவரை கேட்டது ஒன்றே ஒன்றுதான், தன் அறையில் ஆறடியில் ஒரு மீன் தொட்டி.

"கண்ணாடின்னா கீறல் உழாதுங்க, ஆனா அத்தனை வளைவுல ஏத்தியாரதுக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க," என்று பாய் போனில் சொன்னார். "அக்ரிலிக் பாதி எடைதானுங்க. ஊட்டுக்காரம்மா கோவத்துல குண்டாவ வீசுனாலும் ஒடையாது. நகம் பட்டாக் கோடு உழும், அவ்வளவுதானுங்க. நாளைக்குக் காலையில சொல்லீருங்க."

இரண்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். அக்ரிலிக் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. கண்ணாடி "டிக்" என்றது. நாற்பது வருடங்களாக நான் கேட்காமலிருக்க விரும்பிய சத்தம் அது.

எனக்குப் பதினொரு வயது, வள்ளிக்கு ஆறு. அப்பா சேலத்திலிருந்து வைக்கோல் சுற்றி லாரியில் கொண்டுவந்த நாலடித் தொட்டி, இரும்புச் சட்டத்தில் மக்குப் பசை வைத்துப் பதித்த கண்ணாடியோடு, ஒரு சாண் உயர மேடையில் நடுவீட்டில் இருந்தது; அதில் ஏழு தங்கமீன்கள். நாலு வயதுக் காய்ச்சலில் காது போய்விட்ட வள்ளி, மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அப்படியே தூங்கிவிடுவாள்.

எங்கள் மலையில் கோயிலை ஒட்டி ஓடும் ஆற்று மீனை யாரும் பிடிப்பதில்லை. அறுத்துக் குழம்பில் போட்ட மீன், துண்டுகள் ஒன்றாகக் கூடி, மறுபடியும் ஆற்றில் குதித்தது என்பது கோயில் கதை. "அது சாமி மீனு, கண்ணு, பொரி போடோணும், கை வெக்கப்படாது" என்று அம்மா ஒவ்வொரு ஆடியிலும் சொல்வாள். அந்த ஆடியில் நான் கை வைத்தேன். விரல் நீளத்தில், முதுகு கறுத்த ஒரு மீனை டிபன் டப்பாவில் மறைத்துக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். பகலெல்லாம் அது கற்களுக்கடியில் கிடக்கும். மூன்று மணிக்குமேல் பனி இறங்கி வீடு இருட்டும்போது வெளியே வந்து, கண்ணாடியில் ஒரே இடத்தில், வள்ளியின் முதுகு படும் இடத்தில், முட்டும். "டிக்."

அப்போதே எனக்கு எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன்: மூன்று பத்து, இரண்டு தடவை; மூன்று இருபத்தைந்து, ஒரு தடவை. எட்டாம் நாள் அந்த இடத்தில் மயிரிழை போல் ஒரு கோடு தெரிந்தது. அதையும் எழுதினேன். அப்பாவிடம் சொல்லியிருந்தால் எட்டாவது மீன் எப்படி வந்தது என்று கேட்டிருப்பார். சொல்லவில்லை.

பதினோராம் நாள், மூன்றரை மணி இருக்கும், தூங்கிக்கொண்டிருந்த வள்ளி திடீரென்று எழுந்து, யாரோ கூப்பிட்டதுபோல் நேராக வாசலுக்குப் போனாள். அவள் படி இறங்குவதற்குள் கண்ணாடி வெடித்தது. அவள் சாய்ந்திருந்த இடத்தில் அரிவாள் நீளத்துக்கு ஒரு துண்டு குத்திட்டு நின்றது. அப்பா குண்டாவில் மீன்களைப் பொறுக்கிப் போட்டு, "ஏழும் கெடச்சிருச்சு, மேடைதான் மட்டமில்ல" என்றார். அறை அறையாக, நெல் மூட்டைக்குப் பின்னால்கூட, நான் தேடினேன். எட்டாவது இல்லை.

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது. நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நடந்ததை அறிந்தவன் நான் ஒருவன்தான் என்றே இந்த வியாழக்கிழமை மாலைவரை நினைத்திருந்தேன்.

மாலையில் வள்ளி இரண்டு துண்டுகளையும் மேஜையில் வைத்து உள்ளங்கையால் மூடிப் பார்த்தாள். அக்ரிலிக்கைத் தள்ளிவிட்டாள்.

"இது செத்துக் கெடக்குதுண்ணா. கண்ணாடியே வாங்கு," என்றாள் தன் உரத்த குரலில்.

என் உதடுகளைப் படிக்க ஏதுவாக அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி, "ஒடஞ்சா என்ன பண்றது, அம்மிணி?" என்றேன்.

"ஒடயறதுக்கு முன்னால சொல்லுமில்ல? அன்னைக்குச் சொல்லுச்சே. தெனம் முதுகுல தட்டும், நானும் திருப்பித் தட்டுவேன். அன்னைக்கு மட்டும் உடாமத் தட்டுச்சு, எந்திரி எந்திரின்னு. நீ பெரிய நோட்டுக்காரன், உனக்குத் தெரியாதாக்கும்?" சிரித்தாள். பிறகு, ஊர் விஷயம் கேட்பதுபோல் கேட்டாள்: "அந்தக் கறுப்பு மீனு அப்பறம் எங்கண்ணா போச்சு?"

ஒரு மீன் அவளிடம் சொன்னதை, கோட்டைப் பார்த்தும் நான் அன்று சொல்லவில்லை. இப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி, கண்ணாடியே வாங்கலாம்" என்றுதான் வாயில் வந்தது. அவள் கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். உடைந்துவிடும் என்று பயந்தேனா, தட்டும் என்று பயந்தேனா என்பதை நாட்குறிப்பில் பிரித்து எழுத முடியாமல் அந்த வரியைக் காலியாக விட்டேன்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, ஐந்தரைக்கே வள்ளி எழுந்து வந்து சமையலறையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் வேலையாகப் போனை எடுத்து, என் உதடுகள் அவளுக்குத் தெரியாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "பாய், அக்ரிலிக்கே அனுப்பீருங்க" என்றேன்.