இடது கைச் சவரம்

கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் ‘ஆச்சு அண்ணன்’. நாற்காலியில் உட்கார்ந்தவர் கழுத்தைக் கொஞ்சம் அசைத்தாலும் “ஆச்சு, இதோ ஆச்சு” என்பார். பாதி முகத்தில் நுரை இருக்கும்போதே சொல்வார். கை ஒரு முகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கண், கண்ணாடி வழியாக, பெஞ்சில் காத்திருக்கும் அடுத்த முகத்துக்குப் போயிருக்கும். அந்த வேகத்தைத் திறமை என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் நம்பினார். அது திறமைதானா, வெறும் பழக்கமா என்று கேட்டுப் பார்க்கும் தேவை யாருக்கும் வரவில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தபோது வந்தது. எலும்பு கூடிவிட்டது, நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்கலாம், சவரக்கத்தி வேண்டவே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் கடையின் காலை நேரமோ முழுக்க முழுக்கச் சவரம்தான். வேலைக்குப் போகிறவர்கள் அவசரமாக வந்து முகத்தைக் கொடுத்துவிட்டு அவசரமாகப் போவார்கள். இரண்டு நாற்காலிகளில் ஒன்று காலியாகக் கிடக்க, மற்றதில் கூட்டாளி தனியாகத் திணறினான். வயதில் இளையவன், கெட்டவன் அல்ல.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசத்துலேருந்து உங்க நாற்காலிக்கு ஒரு ஆளைப் பேசியிருக்கேன். நீங்க கல்லாவைப் பார்த்துக்குங்க” என்றான்.

“அதுக்குள்ள இந்தக் கை பழகிடுச்சுன்னா?” ஆச்சு இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

கூட்டாளி சிரிக்காமல் அந்தக் கையைப் பார்த்தான். “பழகினா ஆளை வர வேணாம்னு சொல்லிடறேன்.”

மறுநாள் விடியற்காலையில் சமையலறையில் பயிற்சி தொடங்கியது. மனைவி பலூனை ஊதி முடிச்சுப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் அதன் மேல் நுரை தடவி, இடது கையால் மெல்ல வழித்தார். முதலில் சில நாள் பலூன்கள் வெடித்த வண்ணம் இருந்தன. நுரை அடுப்பிலும் சுவரிலும் அவள் மூக்கு நுனியிலும் தெறித்தது. மாடி வீட்டுக்காரர் படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, உங்க வீட்ல தினமும் பிறந்தநாளா?”

“ஆமாங்க, இவரு தினமும் புதுசாப் பொறக்கறாரு. கேக்கு நீங்க கொண்டு வாங்க” என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “அந்தக் கையா இருந்தா இந்நேரம் பத்துப் பேரை அனுப்பியிருப்பேன்.”

“அந்தக் கை வெளியூர் போயிருக்கு. வீட்ல இருக்கற கையை வச்சு வேலையைப் பாருங்க.”

அவருக்குப் பொறுமை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். திட்டிக்கொண்டேதான் செய்தார். ஆனால் தினமும் செய்தார். முயற்சி என்ற சொல்லை மேடையில் கேட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நுரை வழியும் பலூனைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் ஒருத்தி நிற்க, எதிரே ஒருவர் மூச்சை அடக்கிக் கத்தியைச் சாய்க்கும் அந்தச் சமையலறையில் அதற்கு ஏதோ பொருள் இருந்தது.

மாதம் முடியப் போகும் சமயத்தில் பலூன்கள் வெடிப்பது நின்றது. ஆனால் பலூனுக்கு மோவாய் இல்லை, மச்சம் இல்லை, வலியும் இல்லை. ஒரு மனித முகம் வேண்டியிருந்தது. இதற்காகவே தாடி வளர்த்துக்கொண்டிருந்த மைத்துனன், மனைவியின் தம்பி, ஒரு காலை கடைக்கு வந்து காலி நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தான்.

“பயப்படாமப் போடுங்க மாமா. வீட்ல பேச்சு வாங்கி வாங்கித் தோல் தடிச்சுப் போச்சு.”

“அசையாம உட்காருடா மச்சான். கத்தியும் புதுசு, கையும் புதுசு.”

“என்ன ஆனாலும் இன்சூரன்ஸ் என் பொண்டாட்டி பேர்லதான். அவ உங்களுக்கு நன்றிதான் சொல்லுவா.”

தாடியை மெஷினால் ஒட்ட வெட்டி, நுரை போட்டு, ஆச்சு எப்போதும் நிற்கும் இடத்தில், நாற்காலிக்கு வலது பக்கம், நின்றார். வலது கன்னம் எப்படியோ முடிந்தது. இடது கன்னத்துக்காக முகத்தின் குறுக்கே சாய்ந்து கையை நீட்டினார். முழங்கை வெளிச்சத்தை மறைத்தது. தாடைக்குக் கீழே கத்தி ஒரு சிவப்புக் கோடு போட்டது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் கூட்டாளியின் கையும் நின்றது.

“ஆளை வரச் சொல்லிடுப்பா” என்றார் அவனிடம்.

“நல்லா இருக்கே! பாதி மூஞ்சியோட நான் எங்க போறது? மீதியை உங்க பலூன் வந்து முடிக்குமா?” என்றான் மைத்துனன்.

முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். படிகாரக் கட்டியை எடுத்துக்கொண்டு, வெட்டு இருந்த இடது பக்கமாக நாற்காலியைச் சுற்றிப் போனார். முடியைக் கூட்டிப் பெருக்குவதற்குத் தவிர அந்தப் பக்கம் அவர் நின்றதே இல்லை. இடது கையால் படிகாரத்தை வைத்து அழுத்தினார். கை எங்கும் முட்டவில்லை. வெளிச்சம் அப்படியே முகத்தில் விழுந்தது. சமையலறையில் பலூனுக்கு நேர் எதிரே நின்றதால் இது தெரியாமல் போயிற்று. கை பழகிவிட்டிருந்தது, கால்தான் பழைய இடத்துக்கே போய் நின்றிருந்தது.

“இருடா, அசையாதே” என்று கத்தியை எடுத்தார்.

இம்முறை முடிந்துவிட்டதாக எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. ஒரு விரல் அகலம் வழித்தார். துடைத்தார். அடுத்த விரல் அகலம். நெருக்கத்தில் பார்த்தபோதுதான், ரத்தம் காயாத கழுத்தை நீட்டிக்கொண்டு மைத்துனன் கண்ணை மூடியிருப்பது தெரிந்தது.

“கண்ணை மூடிட்டே இருக்கியே, பயமா இல்ல?”

“இங்க உட்கார்ந்தா எல்லாருமே மூடிக்கத்தான் செய்வாங்க. இத்தனை வருஷமா நீங்க பார்த்ததே இல்லையா?”

“இல்லடா” என்றார் ஆச்சு. கத்தியைத் துண்டில் துடைத்தார். எத்தனை கழுத்துகள் அவர் கையை நம்பி நீண்டிருக்கும். ஒன்றும் நினைவில் இல்லை. “நல்லா இருடா” என்று முனகிவிட்டு மறுபடி வழிக்கத் தொடங்கினார்.

பிரமாதமாக வந்தது என்று சொல்ல முடியாது. காதோரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மைத்துனன் கன்னத்தைத் தடவிப் பார்த்து, “மனுஷ மூஞ்சி மாதிரிதான் இருக்கு” என்று எழுந்தான்.

கூட்டாளி தன் கத்தியை வைத்துவிட்டு வந்தான். கத்தி, பிரஷ், தண்ணீர் பாட்டில் இருந்த தட்டு மேசையை, ஆச்சுவின் நாற்காலிக்கு வலமிருந்து இடப்பக்கமாக இழுத்துப் போட்டான். பிறகு பெஞ்சைப் பார்த்து, “அடுத்தவர் அண்ணன்கிட்ட உட்காருங்க” என்றான்.

அடுத்தவர் தபால்காரர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். மோவாயைச் சொறிந்து, கொஞ்சம் யோசித்து, வந்து உட்கார்ந்தார்.

“மெதுவாவே பண்ணுங்க, எனக்கு அவசரம் இல்ல” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.