தென்னைக்குப் போட்ட கடல்

மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே நாற்றம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். விருந்தாளியாக இருந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடலாம், இதை என்ன செய்வது? எழுபதுகளில், வாளையார்ப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துத் தென்னைகளுக்கு எருவாகப் போட, கடற்கரையிலிருந்து லாரியில் வரும் காய்ந்த மீன் மூட்டைகளைச் சொல்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டதால், அறிவெல்லாம் செலவாகாமல் அப்படியே இருந்தது.

மூட்டைகளோடு வருபவர் வேலாயுதண்ணன். பொன்னானிப் பக்கத்துக் கடல்காரர். எஞ்சின் படகுகள் வந்து கடலை அடியோடு வாரத் தொடங்கியதும் தன் சின்ன வள்ளத்தை விற்றுவிட்டு, அதே படகுகள் விலைபோகாது என்று கரையில் கொட்டும் பொடிமீனைக் காயவைத்து விற்க வந்தவர்.

அந்த வருடம் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். நகத்தளவு மீன்கள், நண்டுக் குஞ்சுகள், கொஞ்சம் பெரிய சில மீன்களின் வயிற்றில் மஞ்சளாக முட்டை. முட்டை என்றால் விதைதானே? "வெதையத் தின்னவன் வெளங்கமாட்டான்" என்பது அப்பாவின் வேதவாக்கு. விதைக்கடலை ஒரு பிடி வறுத்துத் தின்றதற்காக என் முதுகில் அதை எழுதியே காட்டியிருந்தார். அதனால் விதைநெல்லுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். முட்டை மீன்களாகப் பொறுக்கி மாட்டுத் தொட்டியில் ஊறப்போட்டு, கடல் உப்புக் கரிக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் உப்புப் பானையை அப்படியே கவிழ்த்து, மேலே வைக்கோலும் போட்டு மூடி, முளை எப்போது வரும், வால் முதலில் வருமா தலை முதலில் வருமா என்று காத்திருந்தேன்.

மறுநாள் மாடுகள் தொட்டியில் வாய் வைக்கவில்லை. அம்மா விளக்குமாற்றோடு வந்தாள்.

"ஏம்புள்ள, ஒரு மாசத்து உப்புடீ! மாட்டுக்கு மீன்கொழம்பா வெக்கறே?"

"வெதைங்ம்மா... மொளைக்கட்டும்னு..."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தால் அடி குறையும் என்பதால் நானும் சிரித்தேன். இரவு தோட்டத்திலேயே தங்கியிருந்த வேலாயுதண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஊறிப்போன ஒரு மீனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மோளு சொன்னது சரியாணு மொதலாளி. இது வெதைதான். பொரிஞ்சு வளர விட்டா கை நீளம் வரும். இதெல்லாம் தீந்தா என்டெ மக்கள் நாளைக்கு எதைப் பிடிக்கும்?"

"அப்பறம் எதுக்கப்பா கொண்டாந்தே?"

"இன்னிக்கு அவங்க கஞ்சி குடிக்கணுமே."

அப்பா, மழை பொய்த்து மஞ்சளடித்து நின்ற தென்னைகளைப் பார்த்தார். வெட்டி வைத்த குழிகளைப் பார்த்தார். ஒரு பிடி கடலைக்காக என்னை வெளுத்தவர், மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"குழி வெட்டியாச்சு. நாம போடாட்டி பக்கத்துத் தோட்டத்துக்காரன் போடப்போறான்" என்றார். ஆட்களைக் கூப்பிடாமல் தானே கொட்டினார், குழிக்குள் பார்க்காமல்.

"இனி ஞான் இது கொண்டு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் வேலாயுதண்ணன். அடுத்த வருடம் லாரி வந்தது, வேறொரு ஆளோடு. வேலாயுதண்ணன் எங்கே என்று கேட்டோம். "அவனா? எஞ்சின் படகுல கூலிக்குப் போயாச்சு" என்றார் அந்த ஆள். அப்பா அவரிடமும் வாங்கினார். தென்னைகள் பச்சை கட்டிக் காய்த்துத் தள்ளின. அந்தத் தேங்காயைத் தின்று நானும் குறுக்காக வளர்ந்தேன்.

இப்போது மீன் எரு லாரி வருவதில்லை. பொடிமீனெல்லாம் கோழித் தீவனத்துக்குப் போகிறதாம். போன வருடம் மகன் என்னைப் பொன்னானிக்குக் கூட்டிப்போனான். முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். கரையில் அரைக்கூடை மீனோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கை நீள மீன் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப கிட்டறதில்ல சேச்சி. எங்கே போச்சோ, கடலம்மைக்குத்தான் தெரியும்."

எனக்கும் தெரியும். ஊரையே சிரிக்கவைத்துப் பழகிய இந்த வாய், அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல மட்டும் திறக்கவில்லை.