வாலுயோவைக் கழித்துத் தேடியபோது

தெமங்குங் மாவட்டப் பதிவு அலுவலகத்தில் வார்சினியிடம் எந்தத் தாளும் ஒரே பார்வையில் தேறியதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடத் தேதியைக் காலண்டரோடு ஒத்துப் பார்ப்பாள். பதிவேடுகள் கணினிக்கு ஏறியபோது அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேற்கோள்குறிக்குள் போட்டால் பெயர் முழுசாக அப்படியே உள்ளவை மட்டும் வரும், கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ளவை விலகும் என்பதையெல்லாம் தட்டித் தட்டியே தெரிந்துகொண்டாள்.

அன்று வந்தவன் வாலுயோ. ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. பிறப்புப் பதிவின் நகல் மாலைக்குள் போகாவிட்டால் அது அடுத்தவனுக்கு. கூடவே அவன் அம்மா பார்சியெம்.

பெயரைத் தட்டினாள். பள்ளிச் சான்று, குடும்ப அட்டை எல்லாம் வந்தன. பிறப்பு வரவில்லை.

“வேற பேரு உண்டா தம்பி?”

அவன் அம்மாவைப் பார்த்தான். “இல்ல இபு.” மேடம் என்பதற்கு அந்த ஊரில் அப்படித்தான்.

“கேட்டது உன்ன. அங்க என்ன பார்வை?”

பக்கத்து மேசை ஜுமாடி சிரித்தார். “மாட்டுனீரு வாத்தியாரே! இந்தம்மா, தான் பொறந்ததையே ரெண்டு சாட்சி வெச்சுத்தான் நம்பும்.”

தகப்பன் பெயர், தாய் பெயர் இரண்டையும் மேற்கோள்குறிக்குள் போட்டாள். முப்பத்தெட்டு ஆவணங்கள். கண்ணில் பட்டதெல்லாம் வாலுயோதான். அவனையே கழித்தாள்.

ஒன்று மிஞ்சியது. அதே ஊர், அதே பிறந்த தேதி, ஒற்றைப் பிரசவம். பெயர் மட்டும் வேறு; அரண்மனைக்காரர் வைக்கிற மாதிரி கனமான பெயர். சீக்குப் பிள்ளைக்குப் பெயரின் பாரம் ஆகவில்லை என்று மாற்றுவது ஊரில் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை செத்து, இவன் அதன் இடத்துக்கு வந்தவனாக இருந்தால்? அந்தப் பெயரோடு ‘இறப்பு’ சேர்த்துத் தேடினாள். ஒன்றுமில்லை. இறப்பைப் பதியாதவர்களும் உண்டே.

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அவனை வெளியே நிற்கச் சொன்னாள்.

“அம்மா, பிள்ளைக்கு மொதல்ல வெச்ச பேரச் சொல்லுங்க.”

பார்சியெம் குரலைத் தாழ்த்தினாள். “சொன்னா திரும்பி வந்துரும் இபு. மூணு வருஷம் வலிப்பு. அந்தப் பேரோட அதுவும் ஒழியட்டும்னு விட்டது.”

“சொல்லாட்டி வேலை ஒழிஞ்சிரும்.”

கிழவி பேனாவை வாங்கினாள். எழுதி, தாளைக் கவிழ்த்துத் தள்ளினாள். திரையில் இருந்ததோடு எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. செத்த பிள்ளையின் பெயருக்கு யாரும் இப்படிப் பயப்படமாட்டார்கள்.

இருவரும் ஒருவரே என்று வார்சினி எழுதிக் கையெழுத்திட்டாள். அந்தப் பெயர் அவன் கண்ணில் படாதபடி நகலோடு உறையிலிட்டு ஒட்டி அவனிடம் கொடுத்தாள்.

“நேரா கல்வி ஆபீசு. வழியில பிரிச்சா எனக்குத் தெரிஞ்சிரும்.”

“அவன் பிரிக்கமாட்டான்” என்றாள் பார்சியெம்.

“அதையும் பாப்போம்.”

அவர்கள் படியிறங்குமுன்பே கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டு வைத்தாள். மூன்றேகாலுக்குப் பதில் வந்தது: “வந்துருச்சு இபு. ஒட்டினபடியேதான் இருக்கு.”