நீல வாளியும் சிவப்பு முடியும்

1995 செப்டம்பர் 16, சனிக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். ஆறு மணிக்கு நீல வாளியை நிரப்பி மூடி வைத்தேன். ஆறரைக்குப் பால் வந்தது. ஏழே காலுக்கு அப்பா கிடர்பூர் துறைமுக அலுவலகத்துக்குக் கிளம்பினார். எட்டு மணிக்கு அம்மா தலைக்குக் குளித்தாள். பிறகு மொட்டைமாடி.

அன்றைய குறிப்பு இவ்வளவுதான். துறைமுகத்தில் அப்பாவுக்குக் கிடைத்த பழைய டைரியில், பத்து வயதுக் கையெழுத்தில், எழுத்துக்கு எழுத்து நெல்லிக்காய் அளவில் எழுதியிருக்கிறேன். நீல வாளி என்ற வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருக்கும். அதேபோல் முந்தைய பக்கங்களில் இன்னும் ஆறு. அதன் பொருள் அப்போது எனக்கு மட்டும் தெரியும்.

நாங்கள் கல்கத்தாவில் டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மூன்று மாடி வீட்டின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். குளியலறையில் இரண்டு குழாய்கள். ஒன்றில் கார்ப்பரேஷன் தண்ணீர், காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். மற்றதில் நாள் முழுக்க டியூப்வெல் தண்ணீர். டியூப்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம். வெள்ளைப் பனியனை நாலு தடவை துவைத்தால் டீ நிறத்துக்கு வந்துவிடும். அதனால் வீட்டில் இரண்டு வாளிகள். பச்சை வாளி பாத்திரத்துக்கும் தரைக்கும். நீல வாளி அம்மாவின் தலைக்கு மட்டும்.

அம்மாவின் முடி சிவப்பு. மருதாணி போட்ட சிவப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செங்கல்லையும் தக்காளியையும் தாண்டிய ஒரு சிவப்பு. அந்த வருடம் ஏப்ரல் மாதம் வரை அது கறுப்பாக, இடுப்புக்குக் கீழே, வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்ட முடியாகத்தான் இருந்தது. ஏப்ரலில் என்னைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே அப்பாவும் அம்மாவும் நெடுநேரம் பேசினார்கள். அதற்கடுத்த வாரம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கரியாஹாட்டில் ஒரு பார்லருக்குப் போனாள். இரண்டும் அடுத்தடுத்து நடந்தது என்பது டைரியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பார்லர்க்காரப் பெண்ணை எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்பார்கள். தீதி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. லேசாகச் செம்மை ஓடுகிற மாதிரி போட்டுவிடுகிறேன், வெயிலில் அழகாக இருக்கும் என்று வங்காள மொழியில் சொன்னாள். அம்மா தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த வளையல் கடையைக் காட்டினாள். அங்கிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்றாள். "எத்தோ லால், பௌதி?" என்று தீதி கேட்டாள். இவ்வளவு சிவப்பா, அண்ணி? அம்மா தலையாட்டினாள். முதலில் கறுப்பை எடுக்க வேண்டியிருந்தது. அது முடிந்தபோது அம்மாவின் தலை சோளநாரைப்போல் இருந்தது. அப்புறம் சிவப்பு. நாலு மணி நேரம் ஆயிற்று.

சிவப்பு மற்ற நிறங்களைப்போல் நிற்காது, ஓடிவிடும் என்று தீதி சொல்லி அனுப்பினாள். அதைக் காப்பதற்கு வீட்டில் ஒரு சட்டமே வந்தது. புதன், சனி மட்டும் தலைக்குளியல். வெந்நீர் கூடாது. எண்ணெயும் சீயக்காயும் அறவே கூடாது. டியூப்வெல் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தலையில் படக்கூடாது. தலையணைக்குக் கறுப்பு உறை, துவட்ட ஒரே ஒரு பழைய ஊதாத் துண்டு. வெயிலில் போனால் குடை. நாலு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, அப்பா கையுறை மாட்டிக்கொண்டு பழைய பல்துலக்கியால் வேர்ப்பகுதிக்குச் சாயம் தடவுவார். சாயப் பெட்டியைக் கிடர்பூரில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் சந்தையில் அவரே வாங்கிவருவார். அம்மா உதட்டில் லேசாக எதையாவது பூசினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர், அந்தப் பெட்டியை மருந்துப் பெட்டியைப்போல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடியேறி வருவதை வியப்போடு பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. நான் எதையும் அதனதன் இடத்தில் வைப்பவன், நேரம் தவறாதவன் என்பதால் அம்மா கொடுத்தாள். இன்னொரு பொறுப்பும் இருந்தது. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் முடி காய்ந்ததும் மொட்டைமாடிக்குப் போவோம். நான் படிக்கட்டுக் கதவருகே நிற்பேன். அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "தெரியுதால?" என்று கேட்பாள். எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்கத்தா வந்து எட்டு வருடம் ஆகியும் அந்த 'ல' அவளை விட்டுப் போகவில்லை. நான் "தெரியுதும்மா" என்பேன். தன் அழகைப் பற்றி மகன் வாயால் கேட்க ஆசைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சிவப்பு முடி அக்கம்பக்கத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. கீழ்வீட்டில் இருந்த, அப்பாவோடு வேலை பார்த்த இன்னொரு தூத்துக்குடிக்காரரின் மனைவி, நான் கேட்கும்படியே, "என்ன மைனி, கல்கத்தாத் தண்ணி தலைக்கு ஏறிட்டு போல" என்றாள். அம்மா சிரித்துவிட்டுப் படியேறினாள். பள்ளியில் இன்னும் மோசம். மணியடித்து வெளியே வந்தால், பையன்கள் எனக்கு முன்னால் ஓடி, "ட்ராஃபிக் காக்கிமா எஷே கேச்சே" என்று கத்துவார்கள். சிக்னல் அத்தை வந்தாச்சு. எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள், சிவப்பு விளக்குக்கு நிற்பதுபோல. வாசலில் காத்திருக்கும் நூறு தாய்மார்களுக்கு நடுவில் நான் எவ்வளவு விரைவாக அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன் என்பதை நான் கவனிக்கவில்லை. சிரிப்பைத்தான் கவனித்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நீல வாளியை டியூப்வெல் குழாயின் கீழ் வைத்தேன். ஓரத்தில் முதல் பெருக்கல் குறி. பொய் எழுத எனக்கு வராது. முழு உண்மை எழுதத் தைரியமும் இல்லை. அதனால் குறி.

ஏழு குளியலில் சிவப்பு மங்கி, தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா கண்ணாடி முன்னால் நின்று முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். இந்தப் பெட்டி சரியில்லையோ என்று அப்பாவிடம் கேட்டாள். ஆனால் அவள் கண்ணாடியை நம்பவில்லை, என் சொல்லைத்தான் நம்பினாள். அந்தச் சனிக்கிழமை காலை மாடியில், "நல்லா பாத்துச் சொல்லு, தெரியுதா?" என்றாள். நான் குனிந்து காலால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நிமிராமலே "தெரியுது தெரியுது" என்றேன்.

அன்று மாலை நாலு மணிக்குக் கரியாஹாட் போனோம். துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தது. நடைபாதைக் கடைகளுக்கு நடுவே ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். அம்மா ஒரு பாத்திரக்கடை வாசலில் நின்றுகொண்டாள். பத்துக் கடை தள்ளி இருக்கும் ஊசிநூல் கடையில் கறுப்பு நூல் ஒன்று வாங்கிக்கொண்டு நீயாகத் திரும்பி வா, நான் இங்கேயே நிற்பேன் என்றாள். கொஞ்ச நாளாகவே இப்படிச் சின்னச் சின்னத் தூரங்களுக்கு என்னைத் தனியே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நூலை வாங்கிவிட்டேன். திரும்பினேன். அம்மா இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் முகங்கள் எனக்குக் கழுவிவிட்ட சிலேட்டு மாதிரிதான் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மனிதர்களைக் குரலாலும் நடையாலும் நிறத்தாலும் தெரிந்துகொள்வதுதான் பார்ப்பது என்று நம்பியிருந்தேன். அதனால் ஏதோ தவறியிருக்கிறது என்று தோன்றவில்லை. அம்மா போய்விட்டாள் என்றுதான் தோன்றியது.

பாத்திரக்கடையை நான் இரண்டு தடவை கடந்திருக்கிறேன். அம்மா என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். கடைக்காரர்களின் கூவலில் அது கேட்கவில்லை. அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள், தூரத்தில், தலைகளின் உயரத்தில், ஒரு சிவப்பைக் கண்டுவிட்டேன். அதன் பின்னால் போனேன். நடைபாதை முடிந்தது, இறங்கினேன். சிவப்பு சாலையைக் கடந்தது, நானும் கடந்தேன். டிராம் மணி காதருகே அடித்தது. முதுகில் காற்றுப் பட்டது. யாரோ திட்டினார்கள். நான் சிவப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டிப் போய்க் கையைப் பிடித்தேன்.

கை சொரசொரப்பாக இருந்தது. மூட்டை தூக்குகிறவர். தலையில் சிவப்பு கம்சாத் துண்டைச் சுற்றியிருந்தார்.

அப்போதுதான் அழுதேன். அவர் குந்தி உட்கார்ந்து இந்தியில் விசாரித்தார். அம்மா எந்த நிறச் சேலை கட்டியிருக்கிறாள் என்றார். எனக்குத் தெரியவில்லை. சிவப்பு முடி என்றேன். அவர் எழுந்து நாலு பக்கமும் பொறுமையாகப் பார்த்தார். "லால் பால்? நஹி பாபு, கோயி நஹி." அப்படி யாரும் இல்லையாம். நானல்லவா அந்தச் சிவப்பை இல்லாமல் ஆக்கியவன்.

அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வந்த வழியே சாலையைக் கடந்து மெதுவாக நடந்தார். நான் அம்மாவைக் கண்டுபிடிக்கவில்லை. கூட்டத்துக்கு மேலே தெரிந்த என்னை அம்மா கண்டுபிடித்தாள். அவள் அவருக்குக் கைகூப்பினாள். கடை பல்பு வெளிச்சத்தில் அவள் முடியைக் கிட்டத்தில் பார்த்தேன். துருப்பிடித்த கம்பியின் நிறம்.

வீட்டுக்கு வந்து என்னைக் கால் கழுவச் சொல்லி, தன் முன்னால் உட்கார வைத்தாள். அப்பாவும் இருந்தார்.

"காலைல மாடியில தெரியுதுன்னியே. நெசமாவே தெரிஞ்சுதால?"

"நான் பாக்கவே இல்லம்மா."

பிறகு மிச்சமும் வந்துவிட்டது. டைரியை எடுத்து ஏழு பெருக்கல் குறிகளையும் விரல் வைத்துக் காட்டினேன். ஏன் என்று கேட்டாள். "எல்லாரும் சிரிக்காங்க" என்றேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா டைரியை மூடி என் மடியில் வைத்தாள்.

"சிரிக்கட்டும்" என்றாள். "நீ மட்டும் எங்கிட்ட தெரியாதத தெரியும்னு சொல்லிராத. வேற என்ன பொய் வேணாலும் சொல்லு."

சொல்லிவிட்டு அழுதாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆசையாக வளர்த்த நிறம் போய்விட்டதே என்று தன் முடிக்காக அழுகிறாள் என நினைத்தேன். ஒரு முடிக்கு இவ்வளவா என்றுகூட எனக்குள் ஒரு சின்னக் கோபம் இருந்தது.

பதினான்கு வயதில், பள்ளியில் ஏதோ ஒரு படிவத்துக்காக என் மருத்துவக் கோப்பைத் தேடி எடுத்தேன். அந்த ஏப்ரலில் மருத்துவர் எழுதிய தாள் மேலேயே இருந்தது. கண்ணின் உட்திரை தேய்கிறது, கண்ணாடி உதவாது, முகங்கள் முதலில் போகும், பளிச்சென்ற நிறங்கள் நெடுநாள் நிற்கும். தாளின் பின்பக்கம் அம்மாவின் எழுத்து, பென்சிலில். "சேலை — பூஜை சமயம் எல்லாரும் சிவப்பு. குடை — மடக்கினால் தெரியாது. பூ — வாடிவிடும். முடி." அந்தக் கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. தலை முழுக்க நரைத்தபின் சாயம் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. கையுறை இப்போது என் கையில். பல்துலக்கி வேர்ப்பகுதியில் எங்கே போகிறது என்பதை விரல் சொல்லிவிடும். பழைய டைரியைப் போனில் பெரிதாக்கி வரி வரியாகப் படிக்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளிலிருந்து, மாடியில் நானும் அம்மாவும் தப்படி எண்ணத் தொடங்கினோம். டைரியில் அந்த எண்கள் வரிசையாக இருக்கின்றன. வருடங்கள் போகப் போக அவை குறைந்துகொண்டே வருகின்றன. கிடர்பூர்க் கடைக்காரர் சாயத்தில் கலப்படம் செய்கிறார் என்று அப்பாவிடம் நான் புகார் சொன்னதும் எழுதியிருக்கிறது. அப்பா, கேட்கிறேன் என்று சொன்னாராம்.

செப்டம்பர் 17, ஞாயிறு. ஐந்து நாற்பதுக்கே எழுந்துவிட்டேன். தண்ணீர் வருவதற்கு முன்பே நீல வாளியைக் கார்ப்பரேஷன் குழாயின் கீழ் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். முதலில் காற்று வந்தது, பிறகு தண்ணீர். விளிம்பு வரை பிடித்தேன். அலமாரியில் இருந்த சாயப் பெட்டியை அப்பா அதற்குள் பிரித்திருந்தார். இந்தத் தடவை வேரிலிருந்து நுனி வரைக்கும்.

அன்று விஸ்வகர்மா பூஜை. நாங்கள் மாடிக்குப் போனபோது சுற்றியிருந்த மாடிகளிலெல்லாம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எதிராளியின் நூல் அறுந்ததும் "போ காட்டா" என்ற கூச்சல் ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும். பட்டங்களை நான் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தக் கூச்சல்தான் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். அம்மா என் கைக்கெட்டும் தூரத்தில் ஆரம்பித்து, என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். ஒவ்வொரு தப்படிக்கும் நின்று கேட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து, பார்த்து, சொன்னேன். இருபத்திரண்டாவது தப்படியில் சிவப்பு கரைந்து வானத்தோடு போயிற்று.

"இல்லம்மா, தெரியல."

ஒரு தப்படி முன்னால் வந்தாள். "இப்போ?"

"தெரியுது."

நான் டைரியைத் திறந்து, "சாயம் நன்று. இருபத்தொன்று" என்று எழுதினேன். சாயத்துக்குத்தான் மதிப்பெண் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு.